அக்காவின் கசெற்றில் ஏறிய விண்கப்பல்

1986 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி பத்து நிமிடம். கடும் வெயில், காற்று அறவே இல்லை. புங்குடுதீவுச் சந்தியில் இருந்த வீடியோக் கடையின் தகரக் கூரை சூட்டில் தெறிப்பதைப் பதினேழு வரை எண்ணினேன். பதினெட்டாவதற்கு முன் கடைக்காரர் ஜெனரேற்றரை இழுத்து முடுக்கிவிட்டார். அதன்பின் வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் என்னோடு படித்த உங்கள் மூவருக்கும்தான் முதலில் வந்துசேர வேண்டும். அதற்கு இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் மூவரும் பாய் விரித்துக் காத்திருந்தீர்கள். நான் வெறுங்கையோடு வந்து, கசெற் சிக்கிப் பழுதாகிவிட்டது என்று சொன்னேன். சிக்கவில்லை. நாற்பது வருடமாக அந்தப் பொய்யை நீங்கள் நம்பியிருக்கிறீர்கள், அல்லது மறந்திருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

போன மாதம் உங்களில் ஒருவர் நம் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு பட முன்னோட்டம் போட்டிருந்தார். அந்த விண்கப்பல் கதையை மறுபடியும் முதலிலிருந்து எடுத்திருக்கிறார்களாம். இது மூன்றாம் முறை. எனக்கு ஐம்பத்து நாலு வயது. ஒரு நாளைக்கு ஏழு குளிசை விழுங்குகிறேன். ஆனாலும் அந்த இரண்டு நிமிட முன்னோட்டத்தைப் பதினொரு தடவை பார்த்தேன். பன்னிரண்டாவது தடவை போடப்போய் நிறுத்திவிட்டேன். அது படத்தினால் அல்ல.

நாம் நால்வரும் பழைய மூன்று பாகங்களையும் பார்த்திருந்தோம். முதலாவது இரண்டு தடவை, இரண்டாவது ஒரு தடவை, மூன்றாவது முக்கால் தடவை. அன்றைக்கு ஜெனரேற்றருக்குப் பெற்றோல் முடிந்துபோனது. ஆங்கிலம் விளங்கவில்லை. தாடிக்காரத் தலைவன் குறைவாகத்தான் பேசுவான், அதனாலேயே அவனை நமக்குப் பிடித்தது. அந்த மார்ச் மாதம்தான் புதியது வந்திருக்கிறது என்று உங்களில் கண்ணாடி போட்டவர் செய்தி கொண்டுவந்தார்.

"தொடக்கத்திலை இருந்து திருப்பி எடுத்திருக்கிறாங்களாம். அதே கப்பல், அதே தலைவன். ஆனால் ஆள் வேற."

"ஆள் வேறயெண்டால் பிறகென்னடா அதே தலைவன்?"

"தாடியும் இல்லையாம்."

"அப்ப நாங்கள் பாத்த மூண்டும் நடக்கேல்லையோ?"

"அது நடந்ததுதான். இது அதுக்கு முன்னம்."

"போடா விசரா, முன்னம் நடந்ததைப் பிறகு ஏன் எடுக்கிறாங்கள்?"

இந்த வழக்கு நான்கு நாள் நடந்தது, தீரவில்லை. படத்தைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் படம் சந்திக் கடையில் ஒரேயொரு நாள்தான் நிற்கும். வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் யாழ்ப்பாணம் திரும்பிவிடும். உங்களில் ஒருவர் வீட்டுக்கு வாடகை ரீவியும் டெக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் வர இருந்தன. ஆகவே வெள்ளிக்கிழமை பிரதி எடுத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். பிரதி எடுப்பதற்குக் கசெற் வேண்டும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

எங்கள் இறுப்பிட்டி வீட்டில் ரீவி இல்லை, டெக் இல்லை. ஆனால் அலுமாரியில் ஒரு கசெற் இருந்தது.

அது அக்காவின் கசெற். அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். ஜெர்மனியில் இருந்த ஒருவருக்கு அவளைப் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்தியது, போட்டோ பிடித்தது, எல்லாம் சரி. ஆனால் அக்கா ஏழு வயதில் கிணற்றுக்கட்டிலிருந்து விழுந்து வலது காலை முறித்தவள் என்று யாரோ மாப்பிள்ளையின் தாயாருக்குச் சொல்லிவிட்டார்கள். முறித்தது உண்மை. நாற்பத்தொரு நாளில் பொருந்தியதும் உண்மை. "போட்டோவிலை நடை தெரியாது" என்று அந்த அம்மா சொல்லியனுப்பினார். அந்தக் காலத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளைகளுக்குப் பெண்ணை வீடியோ எடுத்து அனுப்புவது தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்ரூடியோக்காரர் கமராவோடு வந்து, அக்கா வீட்டுப் படி இறங்குவது, கிணற்றடிக்குப் போவது, செடியில் பூ ஆய்வது, தேநீர் கொண்டுவருவது என்று எடுத்தார். அப்பாவும் அக்காவும் பட்டணத்துக்குப் போய் அவருடைய ஸ்ரூடியோவில் அதை முழுக்கப் பார்த்து வாங்கி வந்தார்கள். கசெற்றின் மட்டை உறையில் அப்பா சிவப்பு மையால் எழுதினார்: 22 நிமிடம்.

கசெற்றின் அளவு மூன்று மணித்தியாலம். நூற்றெண்பதில் இருபத்திரண்டு போக நூற்றைம்பத்தெட்டு. படம் நூற்றி நாலு நிமிடம். ஐம்பத்து நாலு நிமிடம் மிச்சம். இதை மூன்று தடவை சரிபார்த்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய், ஜெர்மனிக்குப் பறக்கும் ஒருவரிடம் கொடுப்பதாக ஏற்பாடு. பெரியப்பா ஊரிலிருந்து புறப்படுவது புதன்கிழமை. ஞாயிறு பார்த்துவிட்டுத் திங்கள் கடைக்குக் கொண்டுபோய், அக்காவின் பகுதிக்குப் பின்னால் இருப்பதை அழித்துத் தரச் சொல்வேன். கணக்கில் ஓட்டை இல்லை.

அழியாமல் இருப்பதற்காக ஸ்ரூடியோக்காரர் கசெற்றின் விளிம்பில் இருக்கும் சிறிய பிளாஸ்ரிக் தகட்டை உடைத்திருந்தார். அந்தக் குழியை ஒட்டினால்தான் மறுபடி பதியலாம் என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் மருந்துப் பெட்டியில் இருந்து புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்ரரில் ஒரு விரற்கடை வெட்டி ஒட்டினேன். உறையை அலுமாரியில் அப்படியே வைத்துவிட்டுக் கசெற்றைப் புத்தகப் பையில் போட்டேன்.

"இது உடைச்ச கசெற் எல்லோ. உள்ளுக்கு என்ன கிடக்கு தம்பி?" என்று கேட்டார் கடைக்காரர்.

"முன்னுக்குக் கொஞ்சம் கிடக்கு. மிச்சம் வெறுமை."

"எதிலையிருந்து போடுறது?"

"இருபத்திரண்டு."

"வடிவாய்த் தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

அவர் கசெற்றை முழுக்கப் பின்னால் சுற்றி, டெக்கின் முகப்பிலிருந்த எண்களைப் பூச்சியமாக்கி, முன்னே ஓடவிட்டு நிறுத்தினார். 0022. சிவப்புப் பொத்தானை அழுத்தினார். படம் ஓடும் டெக்கோடுதான் ரீவியைத் தொடுத்திருந்தார். கறுப்பு வானமும் மூலையில் ஒரு சின்ன வெளிச்சமும் தெரிந்தன. வெளிச்சம் கப்பலாக மாறுவதற்குள் "பெற்றோல் விக்கிற விலைக்கு" என்று சொல்லி ரீவியை நிறுத்திவிட்டார். டெக்குகள் இரண்டும் குருடாக ஓடிக்கொண்டிருந்தன.

ஜெனரேற்றர் ஓடும்போது ஆமியின் ஹெலிகொப்ரர் வந்து சுட்டாலும் கேட்காது. அதனால் கடைக்காரர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை றோட்டுக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். ஒன்பது தடவை போனார். ஆறாவது தடவை கெதியாகத் திரும்பி வந்து கதவுப் பலகைகளில் பாதியைப் போட்டார்.

"நிப்பாட்டவோ?"

"வேண்டாம் அண்ணை. இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடக்கு."

"உமக்குப் படம் பெரிசு, எனக்குத் தலை பெரிசு" என்றார். ஆனால் நிறுத்தவில்லை. ஹெலி வேறு பக்கம் போய்விட்டது. படம் முடிய நாலு ஐம்பத்து நாலு. அப்பா வேலை முடிந்து கந்தோரிலிருந்து வீட்டுக்கு வருவது ஐந்து இருபதுக்கு. ஐந்து பதினாலுக்குப் பிளாஸ்ரரை உரித்துவிட்டுக் கசெற்றை உறைக்குள் வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். திங்கட்கிழமையிலிருந்து பாதை பூட்டுப்படலாம் என்று கதை, நாளைக்கே முதல் பஸ்ஸில் வெளிக்கிடுகிறேன், சாமானைக் கட்டி வையுங்கள் என்றார். அக்காவுக்குப் பின்னால் படத்தோடேயே கசெற் போகப்போகிறது. ஏச்சு விழும். ஆனால் ஏச்சோடு போய்விடும் என்று நினைத்தேன். பதிவாவது சரியாக விழுந்திருக்கிறதா என்று கேட்கப் பின்னேரம் சந்திக்குப் போனேன். கடையில் ஒருவர் நின்றார். ஒரு படத்தில் எட்டாவது நிமிடத்திலிருந்து ஒரு பாட்டு மட்டும் வேண்டுமாம்.

"நிமிசம் சொல்லாதேங்கோ அண்ணை, நம்பரைச் சொல்லுங்கோ" என்றார் கடைக்காரர். "இந்த டெக்கிலை ஓடுறது நிமிசமில்லை. சில்லுச் சுத்திறதைத்தான் இது எண்ணுது. தொடக்கத்திலை ஒரு நிமிசத்துக்கு முப்பது, முப்பத்தைஞ்சு ஓடும்."

நான் கணக்குப் போட்டேன். இருபத்திரண்டு என்பது ஏறக்குறைய நாற்பது விநாடி.

கேட்க வந்ததைக் கேட்காமலே சைக்கிளைத் திருப்பினேன். அக்காவின் இருபத்திரண்டு நிமிடத்தில் நாற்பது விநாடிதான் மிஞ்சியிருக்கிறது என்பது அந்தச் சனிக்கிழமை என் ஒருவனுக்கு மட்டுமே தெரியும். மறுநாள் காலை ஆறேகால் வரை நேரம் இருந்தது. சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும். அந்தக் கசெற்றை அனுப்பாமல் மறித்திருப்பார்கள். எனக்கு இருந்தது பதினைந்து மணித்தியாலம். அதில் ஒன்றைக்கூட நான் பாவிக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறு ஐந்துக்கு பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அப்பா கசெற்றை மண்ணிறத் தாளில் சுற்றி நாலு முடிச்சுப் போட்டிருந்தார். பெரியப்பா வாங்கிப் பெட்டியைத் திறந்தார்.

"அப்பா" என்றேன்.

"என்ன?"

பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது.

"கசெற்றிலை வெயில் படக்கூடாது."

"கேட்டீரோ, உம்மட மகனுக்கு எவ்வளவு கவனம்!" என்று பெரியப்பா சிரித்தார். "அடியிலை, வேட்டிக்குள்ளை வைக்கிறன் ராசா." அப்பாவுக்கு அது பெருமையாக இருந்தது. பஸ் போன பிறகும் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆனையிறவுச் சோதனையில் ஆமி கசெற்றைப் பறிக்கட்டும் என்று வேண்டினேன். அந்தக் கிழமை பிள்ளையாருக்கு நேர்ந்த தேங்காய்கள் ஐந்து. பறிக்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுத் தந்துவிட்டார்கள் என்று பெரியப்பா கடிதம் போட்டார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

முப்பத்தெட்டாம் நாள் ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. மாப்பிள்ளையின் தமையன் எழுதியிருந்தார். அப்பா சத்தமாக வாசிக்கத் தொடங்கிப் பாதியில் சத்தத்தைக் குறைத்தார். மாப்பிள்ளையின் அறையில் இருந்த ஏழு பேரும் பெண்ணைப் பார்க்கக் கூடியிருந்தார்களாம். பெண் கதவால் வந்து, சீலையைக் கொஞ்சம் தூக்கி, முதற் படியில் கால் வைக்கக் குனியும்போது படம் மாறிவிட்டதாம். அதன் பிறகு ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஏதோ ஆகாயக் கப்பலாம். கடைசி வரியை அப்பா வாசிக்கவில்லை. பிறகு நான் எடுத்துப் பார்த்தேன்: "மறைக்க ஒன்றும் இல்லையென்றால் சரியாகக் காலடியில் ஏன் வெட்டினீர்கள்?"

அக்கா எழும்பினாள். கிணற்றடிக்குப் போனாள், வந்தாள். மறுபடி போனாள், வந்தாள். தண்ணீர் அள்ளவில்லை. நான் குசினி வாசலில் நின்று எண்ணினேன். போக முப்பத்தொரு அடி, வர முப்பத்தொரு அடி. ஆறு தடவை. ஏழாவது தடவை அம்மா போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

ஊரில் கதை பரவ இரண்டு நாள் எடுத்தது. மூன்றாம் நாள் சந்தியில் வீடியோக் கடைக்காரர் என் சைக்கிள் கைபிடியைப் பிடித்தார்.

"தம்பி, அந்தக் கசெற்றோ?"

நான் சைக்கிளை விட்டு இறங்கினேன்.

"இருபத்திரண்டு எண்டு நீர்தானே சொன்னனீர்."

"ஓம்."

"நீரே போய்ச் சொல்லும். நீர் சொன்னால் அடி, நான் சொன்னால் பகை. அடி காஞ்சு போம்."

அவர் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை.

அப்பா என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவருக்கு அது தோன்றவேயில்லை. தன் மகன் எதிலும் பிழை விடமாட்டான் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் என்னைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனார்.

ஸ்ரூடியோக்காரர் கதிரை இழுத்துப் போட்டார். அப்பா அதில் இருக்கவில்லை.

"ஒரு குமர்ப்பிள்ளையின்ரை வாழ்க்கையிலை விளையாடியிருக்கிறீர்."

"ஐயா, நீங்களே இதிலை இருந்து முழுக்கப் பாத்துத்தானே கொண்டு போனனீங்கள்?"

"நான் பாத்தது ஒண்டு, நீர் தந்தது ஒண்டு. வீட்டிலை ரீவி இல்லை, ஆரும் தொடேல்லை. கேளும், என்ர மகன் நிக்கிறான். தம்பி, வீட்டிலை ஆரேன் தொட்டவையோ?"

"இல்லை" என்றேன்.

ஸ்ரூடியோக்காரர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு எழும்பி, பின்னால் இருந்த மர அலுமாரியின் பிடியில் கை வைத்தார். "சரி, கோவப்படாதேங்கோ. ஒரு நிமிசம் இருங்கோ, என்னட்டை..."

"உம்மட்டை இருக்கிற ஒண்டும் எங்களுக்கு வேண்டாம்!" அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். ஸ்ரூடியோக்காரர் அடிப்பதற்குத் தடி எடுக்கப் போகிறார் என்றே நான் நினைத்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோதும் அவருடைய கை அந்தப் பிடியில்தான் இருந்தது.

அதன் பிறகு அந்த மனிதரைத் தீவுப்பகுதியில் ஒருவரும் கலியாணவீட்டுக்குக் கூப்பிடவில்லை. அப்பா சொன்னதை ஊர் நம்பியது. நான் சொன்னதை அப்பா நம்பினார்.

அன்று பின்னேரம் அக்காவிடம் சொன்னேன். அவள் கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்ரர், 0022, பஸ் நிறுத்தம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"எந்தக் காலோடை வெட்டினது?"

"தெரியாது அக்கா."

"வலதாய்த்தான் இருக்கும். வலதைத்தான் முதல் வைக்கச் சொன்னவை." பிறகு கேட்டாள்: "அப்பாட்டைச் சொன்னனியோ?"

"இல்லை. இப்ப சொல்லப்போறன்."

"சொல்லாதை. என்ரை காலிலை இப்ப அவருக்கே சந்தேகம் வந்திட்டுது, ரெண்டு நாளாய்க் கீழை கீழை பாக்கிறார். உன்னையாவது நம்பிக்கொண்டிருக்கட்டும்."

அதை நான் கீழ்ப்படிதல் என்று எடுத்துக்கொண்டேன். வசதியாக இருந்தது. அதன் பின் மூன்று சம்பந்தம் வந்தது. மூன்று பகுதியும் "ஜெர்மன்காரர் ஏன் விட்டவை?" என்று கேட்டுவிட்டுப் போயின. தொண்ணூறில் தீவை விட்டு வெளிக்கிட்டோம். அப்பா தொண்ணூற்று நாலில் காலமாகிவிட்டார், ஒன்றும் தெரியாமலே. அக்காவும் நானும் இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுக்கு அறுபத்து நாலு. கலியாணம் செய்யவில்லை.

போன வியாழக்கிழமை புதிய படத்துக்குப் போனேன். தலைவனுக்கு மறுபடி தாடி வைத்திருக்கிறார்கள். நல்ல படம், எனக்கு இந்த முறையும் பாதிதான் விளங்கியது. உங்கள் வழக்குக்கு இன்னும் தீர்ப்புச் சொல்ல ஏலாது, ஏனென்றால் நடுவில் வந்ததை நம்மில் ஒருவரும் இன்றுவரை பார்க்கவில்லை. பார்த்தது ஜெர்மனியில் ஓர் அறையில் இருந்த ஏழு பேர்.

படம் விட்டு வரும்போது பக்கத்து ஒழுங்கையில் பழைய கசெற்றுகளைக் கணினியில் ஏற்றித் தருவதாக ஒரு பலகை கண்டேன். ஸ்ரூடியோவின் பழைய பெயர்தான். ஸ்ரூடியோக்காரரின் மகன் நடத்துகிறான். தகப்பன் இறந்து ஒன்பது வருடம். கமராவில் எடுத்த மூலக் கசெற்றுகளை அவர் எறிவதேயில்லையாம். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோதும் உடுப்பை விட்டுவிட்டு இருநூற்றுப் பதினாலு கசெற்றுகளை உரப்பைகளில் கட்டிக்கொண்டு போனாராம். "ஆரேன் வந்து கேப்பினம் எண்டுதான் எங்கடை ஐயா சொல்லுவார்" என்றான் மகன்.

அலுமாரிப் பிடியில் இருந்த கை எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு அப்பா ஒரு நிமிடம் இருந்திருந்தால், அல்லது நான் வாயைத் திறந்திருந்தால், ஒரு மணித்தியாலத்தில் இன்னொரு பிரதி கையில் கிடைத்திருக்கும்.

ஊரையும் வருடத்தையும் சொன்னேன். இரண்டு நாளில் தேடி எடுத்தான். நேற்று அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். படியில் வலது கால். முப்பத்தொரு அடி கிணற்றடிக்கு. பூ, தேநீர், எல்லாம் ஒழுங்கு. பத்தொன்பதாவது நிமிடத்தில், எடுத்து முடிந்தது என்று நினைத்து எல்லோரும் கதைத்துக்கொண்டு நிற்க, எங்கள் வெள்ளாடு ஸ்ரூடியோக்காரரின் கமராப் பையைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. கமரா நிற்காமல் ஓடுகிறது. அக்கா சீலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, "ஏய், விடு, விடு!" என்று கத்தியபடி முற்றம் தாண்டி, வேலி சுற்றி, பாத்தி பாய்ந்து ஆட்டைத் துரத்துகிறாள். அப்பா பின்னால் "பிள்ளை, நில்! படம் ஓடுது!" என்று கத்துகிறார். அவள் நிற்கவில்லை. ஆட்டைப் பிடித்துப் பையோடு திரும்பி நேரே கமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அக்கா இரண்டாவது முறையும் போடச் சொன்னாள். மூன்றாவது முறை அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"எண்ணினியோ?" என்று கேட்டாள்.

"இல்லை அக்கா. நீ ஓடேக்கை எண்ண ஏலாது."

பூஞ்சணம் துடைத்து, இருபத்திரண்டு நிமிடத்தையும் ஒரு விரலளவு யு.எஸ்.பி. குச்சியில் போட்டுத் தர மகன் கேட்டது நாலாயிரத்து ஐந்நூறு ரூபா.